பாய்மரப் படகில் குடியேறினால் வாடகை மிச்சமா?

ஜூன் 8, 2025, காலை (கேள்வி, அஸ்தம்பட்டியிலிருந்து)

வயது 29. வீட்டிலிருந்தே வேலை, லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் போதும். பெங்களூரில் வாடகை கட்டி அலுத்துப்போய் சேலத்துக்கே திரும்பிவிட்டேன். கொஞ்ச நாளாக ஒரு யோசனை. பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, அதிலேயே குடியிருந்து மலேசியா, தாய்லாந்துப் பக்கம் சுற்றினால் என்ன? வாடகை கிடையாது. சோலார் இருப்பதால் கரண்ட் பில் கிடையாது. காற்று இலவசம். மீன் பிடித்தால் சாப்பாடும் இலவசம். கணக்குப் போட்டால் சேலத்தில் இருப்பதைவிட மலிவாக வருகிறது. யாராவது அப்படி இருந்திருக்கிறீர்களா? தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு (பதில், ஏற்காட்டிலிருந்து)

இருந்திருக்கிறோம். நானும் வீட்டுக்காரம்மாவும், 2016 முதல் 2019 வரை, மூன்று வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு. மலேசியாவின் லங்காவித் தீவைச் சுற்றி. அவள் வழியில் மச்சான் ஒருவர், பினாங்கில் பிறந்து வளர்ந்தவர், 36 அடிப் படகு வைத்திருந்தார். முட்டி ஆபரேஷன் ஆகி ஏணி ஏற முடியாமல் போனதும், “சும்மா கிடந்தால் கெட்டுப்போகும், வந்து இருங்கள்” என்று கூப்பிட்டார். லேத் பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டுப் போனோம். வெயிலில் மஞ்சள் பூத்த ஃபைபர் உடம்பு. பலகையில் வேறு பெயர் இருந்தது, எங்களுக்கு அது மல்கோவா.

காற்று இலவசம்தான், ஒப்புக்கொள்கிறேன். பாய் இலவசம் இல்லை. வெயில் துணியை விட்டுவிட்டு முதலில் தையல் நூலைத்தான் தின்னும். ஒரு நாள் சாதாரணக் காற்றிலேயே பாய் டர்ரென்று நீளவாக்கில் பிரியும். அதற்கும் மேலே, மலாக்கா நீரிணையில் பாதி நாள் காற்றே வராது. பாய் விரித்து ஓடியதைவிட நாங்கள் எஞ்சின் போட்டு ஓடிய நேரம்தான் அதிகம். மணிக்கு இரண்டு லிட்டர் டீசல். வேகம் ஐந்து நாட், அதாவது மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அந்த வேகத்தில் வந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆட்டோக்காரர் சிரிப்பார்.

அடிப்பாகத்தில் கொட்டலசு, அதாவது ஓடுள்ள சின்னக் கடல் உயிர்கள், ஒட்டும். ஒட்டினால் படகு சேற்றில் போகிற மாடு மாதிரி ஆகிவிடும். அதைத் தடுக்கச் செம்பு கலந்த பெயிண்ட். அதை அடிக்க வருடம் ஒரு முறை படகைத் தூக்கிக் கரையில் நிறுத்த வேண்டும். ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பார்கள். ஏறும், அந்த வண்டிக்காரர் கொடுக்கிற பில்லைப் பார்த்தால் நாம் இறங்கிவிடுவோம்.

மீன்: மூன்று வருடத்தில் பதினொன்று. தூண்டில் சாமானுக்குக் கொடுத்த காசில் லங்காவியில் இருக்கும் குவா ஊர்ப் பஜாரில் ஒரு வருடத்துக்கு மீன் வாங்கியிருக்கலாம்.

ஜூன் 9

நேற்று எழுதியதைப் படித்தால் ஏதோ நொந்துபோய்த் திரும்பி வந்தவன் மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. இப்போது கூப்பிட்டாலும் போவேன். வீட்டுக்காரம்மாவும் வருவாள், ஆனால் நிபந்தனை போடுவாள்.

ஜூன் 11

தம்பி, செலவைப் பற்றிக் கேட்டீர்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மல்கோவாவில் 300 லிட்டர் டேங்க். இரண்டு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று வைத்தால் பத்து நாள். அந்தப் பதினைந்தில் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, உடம்பு அலச எல்லாம் அடக்கம். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிறவர் இரண்டு நிமிடத்தில் தன் பங்கில் பாதியை ஊற்றியிருப்பார். கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின் உண்டு. அதற்கு அழுத்தம் வேண்டும், அழுத்தத்துக்கு கரண்ட் வேண்டும், ஃபில்டருக்குக் காசு வேண்டும். எங்களிடம் அது இல்லை.

அங்கே பக்கத்துப் படகுகளில் இருந்த வெள்ளைக்காரர்கள் எங்களைவிடப் பத்து மடங்கு படகோட்டத் தெரிந்தவர்கள். சிறு வயதிலிருந்து பாய் பிடித்தவர்கள். ஆனால் நான்காம் நாள் கேன் தூக்கிக்கொண்டு டிங்கி என்கிற குட்டிப் படகில் கரைக்குப் போவார்கள். நாங்கள் பன்னிரண்டாம் நாள் போவோம். ஒரே ரகசியம்தான்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு குடத் தண்ணீரில் என்னென்ன செய்யலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்று தெரியாமல் வளர்ந்த தெருவில், அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவியது வாசலுக்கு. எனக்கு அவமானமாகத் தோன்றிய பழக்கமெல்லாம் அங்கே போய் வித்தையாகிவிட்டது. ஒரு ஆஸ்திரேலியப் பாட்டி நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார்.

மழைத் தண்ணீரும் பிடிப்போம். மேலே கட்டிய தார்ப்பாயில் முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட வேண்டும். அது உப்பையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு போகும். அப்புறம் குழாயை டேங்கில் சொருகலாம். ராத்திரி இரண்டு மணிக்கு மழை வந்தால் இரண்டு பேரும் வேட்டியும் நைட்டியுமாக மேலே நிற்போம்.

ஒரு பரீட்சை வைக்கிறேன். படகு வாங்கும் முன் அஸ்தம்பட்டி வீட்டில் மூன்று நாள், நாளுக்கு 15 லிட்டர். காலையில் கேனில் அளந்து வைத்துவிட்டுக் குழாயைத் தொடக்கூடாது. பாத்ரூம் ஃபிளஷ் மட்டும் கணக்கில் சேராது, படகிலும் அதற்குக் கடல்நீர்தான். முடித்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

ஜூன் 15

இரண்டு பெண்கள் தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகில் உலகத்தையே சுற்றி வந்துவிட்டார்கள், நீங்கள் தண்ணீர் கேனுக்கு அழுகிறீர்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். கடற்படை அதிகாரிகள் தில்னாவும் ரூபாவும் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, எட்டு மாதம் கழித்துப் போன மே 29-ஆம் தேதிதான் திரும்பினார்கள். ஒருவர் கோழிக்கோடு, ஒருவர் நம்ம புதுச்சேரி. தென் அமெரிக்காவின் நுனியில் இருக்கும் ஹார்ன் முனையைப் பாய்மரத்தில் சுற்றுவது என்பது வேறு ஜாதி வேலை. அதை நான் கனவில்கூடச் செய்ய மாட்டேன்.

ஆனால் அவர்கள் போனது பயணம். நான் சொல்வது குடித்தனம். பயணத்தில் ஒரு கரை உண்டு, அங்கே போனதும் முடிந்தது. குடித்தனத்தில் செவ்வாய்க்கிழமை காலை பம்ப் அடைத்துக்கொள்ளும், புதன்கிழமை வேறொன்று.

குமட்டலைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். சுலபமான பரிசோதனை: சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை செல்போனைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். காது “ஆடுகிறோம்” என்று சொல்லும், கண் “ஆடவில்லை” என்று சொல்லும். அந்தச் சண்டைதான் வயிற்றுக்கு வருகிறது. டிரைவர் மட்டும் வாந்தி எடுப்பதில்லை, கவனித்தீர்களா? படகிலும் சுக்கான் பிடித்திருப்பவருக்குப் பெரும்பாலும் வராது. தொலைவில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வந்தாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். எனக்கு முதல் நாள். வீட்டுக்காரம்மாவுக்கு வரவே இல்லை, அதைச் சொல்லிக்காட்டாத நாளும் இல்லை.

ஜூன் 17

நங்கூரக் கதை ஒன்று சொல்கிறேன். அந்தப் பக்கம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து ஒரு கருப்புச் சுவர் மாதிரி வரும். பெயரே சுமத்ரா. சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து எழும்பும் காற்றும் மழையும். முதல் வருடம் ஒரு நாள் காலை நான்கு மணிக்கு அது வந்து, நங்கூரம் பிடுங்கிக்கொண்டு படகு பின்னாலேயே போக ஆரம்பித்தது. எஞ்சினைப் போட்டு, மழையில் எதிரே எதுவும் தெரியாமல், பின்னால் நின்ற கேட்டமரான் என்கிற இரட்டை உடல் படகின்மேல் மோதாமல் ஒரு முழ இடைவெளியில் தப்பினோம். இயற்கைக்கு முன்னால் மனிதன் என்ன செய்ய முடியும்?

ஜூன் 18

மேலே இருப்பதை வீட்டுக்காரம்மா படித்துவிட்டாள். “இயற்கையா? உங்கள் கணக்கா?” என்கிறாள். சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சங்கிலி எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீரின் ஆழத்தோடு படகின் மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும் உயரத்தைக் கூட்டி, அதைப் போல ஐந்து மடங்காவது விட வேண்டும். அப்போதுதான் சங்கிலி அடியில் படுத்துக்கொண்டு நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுக்கும். குறைவாக விட்டால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். அன்று சாயங்காலம் ஆழம் மூன்று மீட்டர். மூன்றைந்து பதினைந்து. பதினைந்து மீட்டர் விட்டேன். மூக்கின் ஒரு மீட்டரை மறந்தேன், அது சின்னத் தப்பு. பெரிய தப்பு, அது வற்றம், அதாவது கடல் மட்டம் இறங்கியிருந்த நேரம் என்பதை மறந்தது.

சேலத்துக்காரனுக்கு நீர்மட்டம் ஏறி இறங்கும் என்று தெரியாதா? தெரியும். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் பண்ணவாடியில் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையின் தலை தெரியும், இன்னும் குறைந்தால் முழு உடம்பு. ஆனால் அது மாதக்கணக்கு. பேப்பரில் போடுவார்கள், குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு மீன் வறுவல் தின்றுவிட்டு வரலாம். லங்காவியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறு மணி நேரத்தில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஏறிவிடும். ராத்திரி ஆழம் ஆறாகி, மூக்கோடு சேர்த்து ஏழு. ஏழைந்து முப்பத்தைந்து மீட்டர் விட்டிருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து. சுமத்ரா வராவிட்டாலும் ஒரு நாள் பிடுங்கியிருக்கும்.

அவள் அன்று சாயங்காலமே “பௌர்ணமி ஆச்சே” என்று சொன்னாளாம். விரதத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

ஜூன் 22

பட்டறைக்காரர் என்பதால் எஞ்சின் வேலை உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்குமே என்கிறார் ஒருவர். எஞ்சின் தெரியும். எஞ்சினுக்குப் பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இடது கையால் பார்க்காமல் போல்ட் கழற்றத் தெரியாது.

படகு டீசல் எஞ்சின் கடல்நீரை உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். இழுக்கிற பம்புக்குள் ரப்பரில் ஒரு சக்கரம், இம்பெல்லர் என்பார்கள். எங்களுடையதில் ஆறு இதழ். ஒரு நாள் இரண்டு தீவுக்கு நடுவே பிளாஸ்டிக் பை ஒன்று நீர் இழுக்கும் வாயில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வராமல் சுழன்றால் அந்த ரப்பர் சில நிமிடத்தில் கருகி உதிர்ந்துவிடும். உதிர்ந்தது. சூடு அலாரம் அடித்தது.

புது இம்பெல்லர் மாற்றுவது அரை மணி வேலை. அதற்கப்புறம்தான் உண்மையான வேலை: உதிர்ந்த இதழ்களை எண்ண வேண்டும். தண்ணீர் போகிற வழியில் எங்காவது ஒன்று மாட்டிக்கொண்டால் அந்த இடம் மறுபடி அடைக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது இல்லை. ஹோஸ் எல்லாம் கழற்றினேன், ஊதினேன், கம்பி விட்டுப் பார்த்தேன். இல்லவே இல்லை. அன்றிலிருந்து அந்த எஞ்சின் இரண்டு மூன்று டிகிரி கூடுதல் சூட்டில்தான் ஓடியது. நான் இறங்கி வரும்வரை தினமும் அந்த முள்ளைப் பார்ப்பேன்.

ஜூன் 29

கக்கூஸ். தவிர்க்க முடியாது, யாராவது கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கை பம்ப். பதினைந்து, இருபது தடவை அடிக்க வேண்டும். கரையோரத்தில் வெளியே விடக்கூடாது, தொட்டியில் சேர்த்து வைத்துக் கரையை விட்டு வெகுதூரம் போய்த்தான் திறக்க வேண்டும். பிரச்சினை எங்கே வரும் என்றால், கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் சுண்ணாம்பு மாதிரிப் படியும். கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை அங்குலக் குழாய் முக்கால் அங்குலம் ஆகும். சேலத்தில் போர் தண்ணீர் ஹீட்டரை என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். வாரம் ஒரு தடவை வினிகர் ஊற்றி ஊறவிட்டால் தள்ளிப்போடலாம். தப்ப முடியாது. குழாயைக் கழற்றித் துறைமேடையில் துணி துவைக்கிற மாதிரி அடித்தால் உள்ளேயிருந்து வெள்ளை ஓடு ஓடாக உதிரும். பக்கத்துப் படகுக்காரர் அப்போது காபி குடித்துக்கொண்டிருப்பார். அவர் எழுந்து உள்ளே போவார்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அமாவாசை இருட்டில் விளக்குப் போடாமல் அந்தப் பம்பை அடித்தால், உள்ளே வருகிற கடல்நீர் பச்சை நீலமாக மினுமினுக்கும். கலக்கினால் ஒளிவிடும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கின்றன. பீங்கானுக்குள்ளே நட்சத்திரம். முதல் தடவை பார்த்தபோது வீட்டுக்காரம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். முப்பத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் அவளுக்குக் காட்டிய அழகான காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வாள், சொல்லிவிட்டு அடிப்பாள்.

ஜூலை 1

மேட்டூர் 120 அடி தொட்டுவிட்டதாம். அதனால் நான் சொன்ன நந்தியைத் தேடிப் போகாதீர்கள், ஆழத்தில் இருக்கிறது.

ஜூலை 6

சேலத்துக்காரன் என்ற கர்வத்தில் செய்த முட்டாள்தனம் ஒன்று. நம்ம ஊர் இரும்பாலைத் தகடு, எவர்சில்வர், துருவே பிடிக்காது என்று நம்பி வளர்ந்தவன் நான். பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிகளின் அடியில் மாட்டுகிற ஊசிகளை, ஊருக்கு வந்திருந்தபோது என் பட்டறையிலேயே கடைந்து எடுத்துக்கொண்டு போனேன். அங்கே கடையில் கேட்ட விலையில் எட்டில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆறு மாதத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு. ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் மறைந்திருந்த பாகத்தில் குழி குழியாக அரிப்பு. மரம் விழாமல் இருந்தது தெய்வாதீனம். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பதே பொய்.

ஜூலை 8

ஓமலூர் அண்ணன், தகட்டோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர், என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அவர் சொல்வது சரி. தப்பு உலோகத்தில் இல்லை, நான் தேர்ந்தெடுத்ததில். சமையல் பாத்திரத்துக்குப் பொதுவாக வருகிற 304 ரகத்தைக் கடைந்திருக்கிறேன். கடலுக்கு 316 வேண்டும், அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் உண்டு, உப்பின் குளோரைடை அது கொஞ்சம் தாங்கும்.

இன்னொன்றும் சொன்னார், எனக்குப் புதிது. எவர்சில்வரைக் காப்பது அதன்மேல் தானாகப் படரும் குரோமியம் ஆக்சைடு படலம். அது புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் படாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் அங்கே படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது, அரிப்பு உள்ளே குடையும். அதனால்தான் வெளியே பளபளவென்று இருந்து மறைவில் அழுகியிருந்தது. 316-உம் இடுக்கில் வைத்தால் என்றைக்காவது அப்படித்தான் ஆகும், வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். நன்றி அண்ணே. எட்டில் ஒரு பங்கு விலை என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூலை 13 (இதை வீட்டுக்காரம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்)

ஆத்தூர் தங்கச்சி, படகில் சமையல், குளியல், தனிமை எல்லாம் எப்படி என்று நீ கேட்டதற்கு இவர் பதில் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

சமையல் முடியும். அடுப்பு இரண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரித் தொங்கும், படகு சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். குக்கர் இல்லாமல் கடலில் சமைக்காதே. கேஸ் மிச்சம் என்பது அப்புறம், கவிழ்ந்தாலும் சோறு கொட்டாது என்பதுதான் முக்கியம். கேஸ் சிலிண்டரை வாய் மூடாமல் விடாதே. இந்த வாயு காற்றைவிடக் கனம், வீட்டில் என்றால் வாசல் வழியாகப் போகும், படகில் அடித்தட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஒரு பொறி போதும். சமையல் முடிந்ததும் சிலிண்டரிலேயே மூட வேண்டும். நான் ஒரு நாளும் மறந்ததில்லை. இவர் இரண்டு தடவை.

இட்லி மாவு அங்கே ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். பாதிப் பாத்திரம் மட்டும் ஊற்று. நான் முதல் வாரம் முக்கால் ஊற்றிவிட்டு, மாவைப் பெட்டியின் அடியிலிருந்து கரண்டியால் எடுத்தேன். அட்டைப்பெட்டியைப் படகுக்குள் ஏற்றாதே, மடிப்புக்குள் கரப்பான் முட்டை இருக்கும். காய்கறியைக் கரையிலேயே கொட்டிப் பையில் மாற்றிக்கொண்டு வா. பூசணி, முட்டைக்கோஸ், சௌசௌ நாள்பட இருக்கும். தக்காளியைக் காயாக வாங்கு. அப்பளம் நமத்துப்போகும். சேலத்திலிருந்து ஆசையாகக் கொண்டு போன தட்டுவடை மூன்றாம் நாள் துணி மாதிரி ஆகிவிட்டது. அன்று அழுதேன். வேறு எதற்கும் அழவில்லை.

குளியல்: கடல்நீரில் குளித்துவிட்டு, கடைசியில் இரண்டு சொம்பு நல்ல தண்ணீர். சோப்பு கடல்நீரில் நுரைக்காது, பாத்திரம் கழுவும் லிக்விட் நுரைக்கும். உப்புத் தண்ணீரில் அலசிய துணி காயவே காயாது, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தலைக்குக் குளிப்பது மழை வந்தால்.

தனிமை கிடையாது. 36 அடிக்குள் சண்டை போட்டுக்கொண்டு எங்கே போவாய்? இவர் முன்னால் போய் உட்காருவார், நான் பின்னால். சத்தமில்லாமல் ஒரு மணி நேரம். அப்புறம் யாராவது ஒருவர் காபி போட்டாக வேண்டும்.

என் நிபந்தனை என்ன என்று கேட்டாய். பெரிய டேங்க். அவ்வளவுதான்.

ஜூலை 20

அவள் எழுதியதற்கு வந்த பதில்கள் நான் எழுதியதற்கெல்லாம் சேர்த்து வந்ததைவிட அதிகம். பரவாயில்லை.

கரண்டைப் பற்றிச் சுருக்கமாக. 2012 மின்வெட்டை இன்வெர்ட்டரோடு தாண்டியவர்களுக்கு இது கைவந்த கலை. ஃபிரிட்ஜ் மட்டும் ஒரு நாளைக்கு 50 ஆம்பியர்-மணி தின்னும். பழைய ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக 200 என்று எழுதியிருந்தால் நமக்கு 100. லித்தியம் என்றால் இன்னும் இறக்கலாம், விலையும் ஏறும். தம்பியின் லேப்டாப் வேலைக்கு இது தாங்கும். மூன்று நாள் மேகமூட்டம் தொடர்ந்தால் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்காருவீர்கள். விசாவும் மறக்க வேண்டாம். படகு ஒரு நாட்டில் நிற்க ஒரு காகிதம், ஆள் தங்க வேறு காகிதம். நம்ம பாஸ்போர்ட்டுக்கு இரண்டாவதுதான் தலைவலி.

முதல் நாள் துறை வாடகையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். துறையில் கட்டினால் அடிக்கணக்கில் வாடகை, நங்கூரம் போட்டு நின்றால் பல இடங்களில் இலவசம். காசு மட்டும் காரணமில்லை. நங்கூரத்தில் நிற்கும் படகு தானாகக் காற்றுக்கு முகம் திருப்பிக்கொள்ளும், முன் ஜன்னலைத் திறந்தால் உள்ளே முழுக்கக் காற்று. துறையில் கட்டிய படகு திரும்பாது. கொசு, புழுக்கம், பக்கத்துப் படகு ரேடியோ.

இப்போது ஏற்காட்டில் மழைக்காலம். ஷூவில் பூஞ்சணம், புத்தகத்தில் பூஞ்சணம், உப்பு ஜாடியில் தண்ணீர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எங்களுக்கு மல்கோவா நினைவு. ராத்திரி மூன்று மணிக்குக் காற்றுத் திசை மாறி சில்வர் ஓக் மரங்கள் வேறு மாதிரி இரைந்தால் இன்றைக்கும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு தடவை டார்ச்சோடு வாசல்வரை போய்விட்டேன். எதைப் பார்க்க என்று கேட்டால் என்ன சொல்வது? வீடு அதே இடத்தில்தான் இருந்தது.

ஜூலை 27

தம்பி பரீட்சை எழுதிவிட்டார். அவர் அனுப்பியது: முதல் நாள் 15 லிட்டரில் 4 லிட்டர் மிச்சம், பெருமை தாங்கவில்லை. இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்குக் காலி, காரணம் பிரியாணிப் பாத்திரம். மூன்றாம் நாள் தேறிவிட்டேன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அம்மா பாவப்பட்டுக் கேனில் ஒரு சொம்பு ஊற்றியதைக் கண்டுபிடித்ததாகவும் எழுதியிருக்கிறார்.

ஒத்துக்கொண்டதற்கே பாஸ் போடலாம். ஆனால் படகு வாங்காதீர்கள் தம்பி, இப்போது வேண்டாம். சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, 1911-இல் தொடங்கியது. தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் அங்கேதான். முதலில் சின்னப் படகில் பாய் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சின்னப் படகில் செய்யும் தப்புக்கு உடனே முகத்தில் தண்ணீர் அடிக்கும். பெரிய படகில் செய்யும் தப்பு ஆறு மாதம் கழித்து வந்து நிற்கும். அதற்கப்புறம் யாருடைய படகிலாவது ஒரு மாதம் கூலி வாங்காமல் இருந்து, கக்கூஸ் குழாய் அடித்துப் பாருங்கள். நான் பட்டறையிலிருந்து நேராகப் போனேன், அது சரியான வழி இல்லை. எனக்கு மச்சான் இருந்தார், உங்களுக்கு இல்லை.

ஆகஸ்ட் 3

ஆடி பதினெட்டு. மேட்டூரில் கூட்டம் என்று மகன் போட்டோ அனுப்பினான். வீட்டுக்காரம்மா இங்கே வாசல் குழாயடியிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள்.

மதியம் பினாங்கு மச்சான் போன் செய்தார். படகை 2020-இல் ஒருவருக்கு விற்றிருந்தார். அவர் போன வாரம் எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றிவிடும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பிரித்திருக்கிறார். நான் ஹோஸ்களைக் கழற்றினேனே தவிர அதைப் பிரிக்கவில்லை, மூடியின் போல்ட் உடைந்துவிடுமோ என்ற பயம். உள்ளே குழாய்க் கூட்டத்தின் வாயில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கருப்பு ரப்பர் துண்டு. இது எப்படி இங்கே வந்தது என்று அவர் மச்சானைக் கேட்டிருக்கிறார், மச்சான் என்னைக் கேட்டார்.

எடுத்ததும் எஞ்சின் சூடு மூன்று டிகிரி இறங்கியதாம்.

துண்டை எறிய வேண்டாம், யாராவது இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்கிறாள் வீட்டுக்காரம்மா. மற்ற ஐந்தும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன.